இறந்தவள் அனுப்பிய சொட்டு மருந்து

இறந்து நூற்றுப் பதினேழு நாள் ஆன ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவன் நன்றி சொன்னான்.

"டாக்டரம்மா, போன ஞாயித்துக்கிழமை நீங்க வந்து வச்சிட்டுப் போன மருந்துல கண்ணு தேவலைங்க. எரிச்சல் கொறஞ்சிருச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

போனை எடுத்தவர் அந்தப் பெண்ணின் கணவர் ஃபாரூக். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மனைவி சாதியாவின் போனை அணைத்துவைக்க மனம் வராமல் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவர். மறுபக்கம் பேசியவன் பேர், இடம் எல்லாம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இவர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"நேத்து கிராஞ்சியில இருக்கிற செடி நர்சரிக்குப் போய் அந்த ஆளைப் பாத்தேன் மேடம். காலி பாட்டிலைக் குடுத்தான். லேபிளைப் பாத்ததும் அதுக்கு மேல அங்க நிக்க முடியல. வந்துட்டேன்" என்றார் ஃபாரூக்.

ஞாயிறு நண்பகல். டன்லப் ஸ்ட்ரீட்டில் தையல்கடைக்கு மேல்மாடியில் இருந்தது சிவகாமசுந்தரியின் துப்பறியும் அலுவலகம். கீழே விடுமுறைக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. சுந்தரி இருபத்திரண்டு வருஷம் போலீசில் இருந்தவள். ஃபாரூக் நீட்டிய பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. வெள்ளை லேபிளில் பேனாவால் எழுதிய குண்டு குண்டுத் தமிழ்:

மணிக்கு ஒரு சொட்டு. கண்ணைக் கசக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். சாதியா.

அதன் கீழே போன் நம்பர். மூலையில் ஆங்கில எழுத்தில் ஒரு 'பி'.

"கையெழுத்து அவங்களோடதா?"

"பதினாலு வருஷம் பாத்த கையெழுத்து."

"அப்ப இன்னைக்கு நம்ம கேஸ்ல சந்தேக நபர் ஒரு ஆவி" என்றார் அப்துல் முத்தலிப். சுந்தரியின் உதவியாளர். ஐம்பத்தைந்து வயது. பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவர், வாயை மட்டும் இன்னும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர். ஃபாரூக்கின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மன்னிச்சிருங்க தம்பி. எனக்குப் பயம் வந்தா வாய் தானா பேசும்."

சுந்தரி சிரிக்கவில்லை. அவள் கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் மார்க்கெட்டில் யாராவது அவரைப் போல இருமினால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பக் கூடாது என்று தெரியும். ஆனால் கழுத்து கேட்பதில்லை.

"உங்களுக்கு என்ன தெரியணும் ஃபாரூக்?"

அவர் வெகுநேரம் பாட்டிலையே பார்த்தார். "வந்தது அவ இல்லைன்னு தெரியணும்" என்றார். பிறகு மெதுவாக, "இல்லன்னா... அவதான்னு தெரியணும்."

முத்தலிப்பின் பழைய வேனில் கிராஞ்சிக்குக் கிளம்பினார்கள். போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதியா என்ன ஆராய்ச்சி செய்தாள் என்பதை ஃபாரூக் வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"செடி கொடியில வேலை செய்றவங்களுக்கு ஓலை, முள்ளு ஏதாவது கண்ணைக் கீறிடும். கீறல்ல பூஞ்சை புகுந்தா கருவிழியில புண்ணு வரும். வெள்ளையாப் படரும். கவனிக்காம விட்டா பார்வை போயிடும். இருக்கிற மருந்து எல்லாருக்கும் கேக்குறதில்ல. அலர்ஜிக்குப் போடுற ஒரு பழைய மாத்திரை இருக்கு. தும்மல், அரிப்புக்கு. அந்த மருந்தைச் சொட்டு மருந்தாக்கிக் கண்ணுல விட்டா பூஞ்சையைக் கொல்லும்னு அவ நம்பினா."

"தும்மல் மருந்தைக் கண்ணுலயா?" என்றார் முத்தலிப். "எங்க மாமியார் மூக்குல விட வேண்டியதைக் காதுல விட்டாங்க. அதுக்கே ஆம்புலன்ஸ் வந்துச்சு லா."

"இந்த 'பி' என்ன?" சுந்தரி கேட்டாள்.

"ரெண்டு வகை பாட்டில். ஏ, பி. வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேல பாதிப் பேருக்கு இந்த அலர்ஜி மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. எதுல எது இருக்குன்னு நோயாளிக்கும் தெரியாது, சாதியாவுக்கும் தெரியாது. ஆராய்ச்சி பாதியில ஒரு தடவை கணக்குப் பாத்தாங்க. மூடி வச்ச பட்டியலைப் பிரிச்சாங்க. ஏ மருந்து, பி உப்புத் தண்ணி."

"முடிவு?"

"உப்புத் தண்ணி விட்டவங்களுக்குச் சீக்கிரம் ஆறியிருந்தது. மருந்து விட்டவங்களுக்கு ஆறல. உப்புத் தண்ணியை விட மோசம்னு அறிக்கை எழுதி அன்னைக்கே ஆராய்ச்சியை மூடிட்டாங்க. மறுநாள் இதே மாதிரி மழை. இதே ரோட்டுலதான் அவ கார்..."

வேன் சுவா சூ காங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் கல்லறைத் தோட்டத்தின் வேலி வந்ததும் ஃபாரூக் வலப்பக்கம் திரும்பிக்கொண்டார். வேலி முடிந்ததும் தொடர்ந்தார்.

"ஏழு வருஷ உழைப்பு மேடம். அது போச்சுன்னு தெரிஞ்ச மறுநாள் காரை எடுத்தா. ரோடு வழுக்குச்சுன்னு போலீஸ் சொன்னாங்க. நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன்."

அவர் சொல்லாமல் விட்டது சுந்தரிக்குப் புரிந்தது. வழுக்கியதா, வழுக்க விட்டாளா? இத்தனை நாளாக இந்த மனுஷனைத் தூங்க விடாத கேள்வி அதுதான்.

கிராஞ்சியில் அந்த நர்சரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பச்சை வலைப் பந்தல்களுக்கு அடியில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. மற்ற ஆட்கள் எல்லாம் விடுமுறைக்குத் தேக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். தகரக் கொட்டகையில் நடேசன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பனங்கன்று ஓலை கண்ணில் அடித்து ஆறு வாரம் ஆகிறதாம். இடது கண் அரைகுறையாகத் திறந்திருந்தது. நடுவில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெண்மை. வலது கண்ணும் சின்ன வயதிலிருந்தே மங்கல் என்றான்.

சுந்தரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு வாரம். அப்படியானால் இவன் சாதியாவைப் பார்த்திருக்கவே முடியாது.

"டாக்டரம்மாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லீங்க. பாட்டில்ல பேர், நம்பர் எல்லாம் இருக்குன்னு கூட வேலை செய்றவங்க படிச்சுச் சொன்னாங்க. வந்தவங்கதான் டாக்டரம்மான்னு..."

"வந்தவங்க எப்படி இருந்தாங்க?"

"வெள்ளை உடுப்புங்க. கழுத்துலேருந்து கால் வரைக்கும். மழையில நடந்து வந்தாங்க, ஆனா நனையவே இல்ல. தலையைச் சுத்தி வட்டமா ஒளி." அவன் குரல் தணிந்தது. "ஒரு வார்த்தை பேசல. பலகையில பாட்டிலை வச்சாங்க. தலையைக் குனிஞ்சு கொஞ்ச நேரம் நின்னாங்க. அழுத மாதிரி இருந்துச்சு. போயிட்டாங்க."

ஃபாரூக் தூணைப் பிடித்துக்கொண்டார். முத்தலிப் மயிர்க்கூச்செறிந்த தன் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"முகம் தெரிஞ்சுதா?" சுந்தரி விடவில்லை.

"முகம் எங்கங்க தெரியுது. புண்ணு வந்ததிலிருந்து யாரு வெளிச்சத்துல நின்னாலும் சுத்தி ஒளி வட்டந்தான். இதோ, இந்த அண்ணனுக்கும் இருக்கு."

"எனக்கா?" முத்தலிப் நெஞ்சைத் தொட்டார். "தம்பி, ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டிகிட்ட இதைச் சொல்லணும் லா."

சுந்தரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனையாத வெள்ளை உடுப்பு என்றால் மழைக்கோட்டு. ஒளி வட்டம் புண்ணின் வேலை. மிச்சம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான்.

"மருந்து எத்தனை பாட்டில் வந்துச்சு?"

"எனக்கு மூணு. பக்கத்து நர்சரியில ரெண்டு பேருக்கு இதே மாதிரிக் கண்ணு. அவங்களுக்கு ரெண்டு ரெண்டு. காலி பாட்டில் எல்லாம் இங்கதான் வச்சிருக்கோம். எல்லாமே ஞாயித்துக்கிழமை, நாலு மணி வாக்குல வரும்." பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினான். ஒரு பாட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் மருந்தோடு இருந்தது.

ஃபாரூக்கிடம் இருந்ததையும் சேர்த்து ஏழு பாட்டில்களை வரிசையாக நிறுத்தினாள் சுந்தரி. ஏழிலும் அதே கையெழுத்து. ஏழிலும் 'பி'.

"முத்தலிப், காசைச் சுண்டினா ஏழு தடவையும் பூ விழுமா?"

"என் காசுன்னா ஏழு தடவையும் ஓடையில விழும் மேடம்."

"ஏ ஒண்ணுகூட இல்ல. யாரோ பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்காங்க."

"பி உப்புத் தண்ணின்னு தம்பி சொன்னாரே. இவ்வளவு தூரம் வந்து உப்புத் தண்ணி குடுக்குறதுக்கு ஆவி எதுக்கு? சமையல்காரன் போதும்."

அப்போது நடேசன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அம்மா, ஒரு சந்தேகம். பாட்டில்ல கசக்காதீங்கன்னு எழுதியிருக்கு. ஆனா கசக்குதே?"

"கண்ணைத் தேய்க்காதீங்கன்னு அர்த்தம்ப்பா" என்றார் முத்தலிப்.

"அது தெரியுங்க. நான் சொல்றது வாயில. கண்ணுல விட்ட ரெண்டு நிமிஷத்துல தொண்டை வேப்பங்காயாக் கசக்குது. ஆஸ்பத்திரி மருந்து அப்படி இல்ல. இது மட்டுந்தான்."

கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுந்தரி அசையாமல் நின்றாள். கண்ணில் விடும் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். அவளே கண் அறுவைக்குப் பிறகு அனுபவித்ததுதான். மிச்ச மருந்தில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"ஃபாரூக், இங்க வாங்க. உப்புத் தண்ணி கசக்குமா?"

அவர் கணக்கு வாத்தியார். விடை அவருக்கு ஒரே வரியில் கிடைத்துவிட்டது. "அப்ப... பட்டியல் தலைகீழா?"

"தலைகீழ். மருந்து 'பி'யில இருந்திருக்கு. ஆறின கண்ணெல்லாம் உங்க மனைவியோட மருந்தால ஆறின கண்ணு."

ஃபாரூக் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் பட்டியலை நம்புறாங்க" என்று சுந்தரி தொடர்ந்தாள். "நம்புறவங்க யாராவது உதவி செய்ய நினைச்சா ஏ பாட்டிலைத்தான் கொண்டு வருவாங்க. பட்டியல் தப்புன்னு தெரிஞ்சிருக்கக் கூடியவங்க ரெண்டே பேர். ஒருத்தர் நோயாளிங்ககிட்டத் தினமும் பேசினவங்க, அவங்க மண்ணுக்குள்ள இருக்காங்க. இன்னொருத்தர் அந்தப் பட்டியலை எழுதினவர். மீந்த பாட்டில் எங்க இருக்குன்னும், கண்ணு புண்ணானவங்க எங்க வேலை செய்றாங்கன்னும் அவருக்குத்தான் தெரியும். யாரு அது?"

"மருந்தகத்துல யாக்கூப் நானா, எங்களுக்கு அண்ணன் மாதிரி. லேபிள் எல்லாம் சாதியா மொத்தமா எழுதி அவர்கிட்டதான் குடுத்தா." ஃபாரூக் நிமிர்ந்தார். "அடக்கத்துக்கு வந்திருந்தாரு. குழிக்கிட்ட வரல. கடைசி வரைக்கும் கேட்டுலயே நின்னாரு."

முத்தலிப் மணியைப் பார்த்தார். மூன்றே முக்கால். "கிராஞ்சி ஸ்டேஷன்லேருந்து வர்ற பஸ் இன்னும் பத்து நிமிஷத்துல வரும். அதை விட்டா அப்புறம் ரொம்ப நேரத்துக்கு எதுவும் கெடையாது. அதான் நாலு மணி. வாங்க மேடம், பஸ்ஸுல வர்ற ஆவியைப் பாப்போம். ஈஸி-லிங்க் பஸ் கார்டைத் தட்டிட்டு இறங்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வேனைப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஓரம் கட்டினார்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. பஸ் வந்தது, நின்றது, போனது. அது விட்டுச்சென்ற புகைபோன்ற சாரலுக்குள் ஓர் உருவம் இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை. மார்போடு எதையோ அணைத்துக்கொண்டு, தலை குனிந்து, மெதுவாக நடந்து வந்தது.

எல்லாம் தெரிந்திருந்தும் சுந்தரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பின்னால் வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "சாதியா!"

ஃபாரூக் மழையில் ஓடினார். கணக்கு, பட்டியல், கசப்பு எதுவும் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு நினைவில் இல்லை. உருவம் திடுக்கிட்டு நின்றது. மழைக்கோட்டின் தொப்பி சரிந்தது. உள்ளே அறுபது வயதுக்காரர் ஒருவரின் வெளுத்த முகம். கையிலிருந்த குளிர்ப்பை தரையில் விழுந்தது.

"ஃபாரூக்..." என்றார் யாக்கூப். அப்புறம் சாலையோரப் புல்லில் மண்டியிட்டுவிட்டார்.

முத்தலிப்தான் அவரைத் தூக்கி வேனில் உட்காரவைத்தார். தன் துண்டைக் கொடுத்தார். விழுந்த குளிர்ப்பையை எடுத்துக்கொண்டு ஃபாரூக்கும் ஏறினார். யாக்கூப் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டு ட்ரே. இடது பக்கம் ஏ, வலது பக்கம் பி. நிரப்பினது நான். எதுல மருந்துன்னு பட்டியல் அடிக்கும்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தேன். என் இடது, ட்ரேயோட வலது. அவ்வளவுதான் நடந்தது. சரி பாக்க வேண்டிய இன்னொருத்தர் அன்னைக்கு லீவு. நானே ரெண்டு கையெழுத்தும் போட்டுட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ஒரு மாத்திரைகூட மாத்திக் குடுத்ததில்லைங்கிற திமிர்."

"எப்பத் தெரிஞ்சது?" சுந்தரி கேட்டாள்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள். மீந்த பாட்டிலை அழிக்கச் சொன்னாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு நாக்குல வச்சேன்."

"ஏன் வச்சீங்க?"

யாக்கூப் ஃபாரூக்கை ஏறிட்டுப் பார்க்க முயன்றார். முடியவில்லை. "ஏன்னா அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போயிருந்தது. விபத்து நடந்த அன்னைக்குக் காலையில எனக்குப் போன் பண்ணுச்சு. 'யாக்கூப் நானா, பி பாட்டில் ஆளுங்க நாலு பேர் தொண்டை கசக்குதுன்னு சொல்லியிருக்காங்க. உப்புத் தண்ணி எப்படிக் கசக்கும்? பட்டியலை ஒரு தடவை பாருங்களேன்'னு. நான் பாக்கல. 'என் பட்டியல் மாறாது'ன்னு சொல்லி வச்சிட்டேன். ஃபாரூக், அந்தப் பொண்ணு என்கிட்டக் கோவிச்சுக்கக்கூட இல்ல. 'தப்பு இருந்தா சந்தோஷந்தான் நானா, அத்தனை கண்ணும் பொழச்சுக்கும். நான் இப்பவே கிராஞ்சிக்குப் போய் ஒரு பி பாட்டிலை வாங்கிட்டு வந்துடுறேன்'னு சொல்லுச்சு."

முத்தலிப் வைப்பரை நிறுத்தினார்.

ஃபாரூக்கின் குரல் எங்கிருந்தோ வந்தது. "அழுதாளா?"

"என்னது?"

"போன்ல. அன்னைக்குக் காலையில. அழுதாளா?"

"அழுகையா?" யாக்கூப் முதல் முறையாக நிமிர்ந்தார். "இல்லப்பா. சிரிச்சுக்கிட்டே பேசுச்சு. எனக்கு உசிரு இருக்கிற வரைக்கும் அந்தச் சிரிப்புதான் காதுல கேக்கும்."

ஃபாரூக் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அது துக்கமா, வேறு ஏதாவதா என்று சுந்தரி ஆராயவில்லை. மனைவி திரும்பி வரவில்லை. ஆனால் அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

"நானா, ஏன் வாயைத் திறந்து சொல்லல?" முத்தலிப் கேட்டார். கேலி சுத்தமாக இல்லை.

"சொன்னா, அவ சாவுக்கு நான்தான் காரணம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். ஒவ்வொரு திங்கக்கிழமையும் சொல்லணும்னு வேலைக்குப் போவேன். சொல்லாம வருவேன். ஞாயித்துக்கிழமை பாட்டிலை எடுத்துட்டு இங்க வருவேன்." குளிர்ப்பையைத் தொட்டார். "இதுல ரெண்டு இருக்கு. இதோட தீர்ந்துச்சு. முஆத்னு ஒரு ஆளு, டாக்காக்காரன், துவாஸ்ல வேலை. அவனுக்கும் கொண்டுபோனேன். நான் போறதுக்குள்ள ஒரு கண்ணு போயி, கம்பெனி ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவன் முகத்தைக்கூட நான் பாத்ததில்ல. தினமும் கனவுல வர்றான்."

ஃபாரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனை விட்டு இறங்கினார். உள்ளே குனிந்து பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே நடேசனிடம் நடந்தார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பியபோது அவர் கையில் மருந்தின் ஈரம் இருந்தது.

"நானே விட்டேன்" என்றார். "முத்தலிப் நானா, வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரி டைரக்டர் வீடு காத்தோங்லதான். நாளைக்குத் திங்கக்கிழமை. இவருக்கு இன்னொரு திங்கக்கிழமை குடுக்கக் கூடாது."

காத்தோங்கில் டைரக்டர் சுப்பிரமணியம் சிலோன் ரோட்டுக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. நால்வரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து, யாக்கூப் சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பையில் மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டைத் தானும் நாக்கில் வைத்தார். பாட்டிலை மூடி மேசையில் வைத்தார்.

"ஆய்வகத்துல உறுதி பண்ணணும்" என்றார். "உறுதியானா அறிக்கையை வாபஸ் வாங்குறேன். ஆராய்ச்சியை முதல்லேருந்து தொடங்குறோம். யாக்கூப், நீங்க எழுத்துல குடுக்கணும். அதுக்கப்புறம் உங்க வேலை என் கையில இல்ல."

"தெரியும் சார். பேனா குடுங்க" என்றார் யாக்கூப்.

சுப்பிரமணியம் ஃபாரூக்கிடம் திரும்பினார். "புது ஆராய்ச்சிக்கு டாக்டர் சாதியாவோட பேரை வைக்கிறோம். அது எங்க கடமை."

எல்லோரும் ஃபாரூக்கைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்து மறுத்தார்.

"பேரை அப்புறம் பாத்துக்கலாம் சார். டாக்காவுல முஆத்னு ஒருத்தர் இருக்காரு. வெறும் புண்ணாலதான் கண்ணு போச்சா, இன்னும் ஏதாவது செய்ய முடியுமான்னு யாரும் அவரைப் பாக்கல. அவரைக் கூப்பிட்டு வந்து பாருங்க. அவ இருந்திருந்தா இந்நேரம் அவருக்குப் போன் பண்ணிக்கிட்டு இருப்பா."

சுப்பிரமணியம் கோயிலுக்குப் போகவில்லை. வாசலில் எடுத்துவைத்திருந்த செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து முஆத்தின் நம்பரை எடுத்துத் தரச் சொல்லித் தன் உதவியாளரைப் போனில் அழைத்தார். மேசையின் மறுமுனையில் யாக்கூப் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தார்.